ஞானசௌந்தரியின் சுண்ணாம்புத் தொட்டி

ஞானசௌந்தரி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு முலாம் பட்டறையில் ஒன்பது வருஷம் இரும்புச் சாமான்களை ஆசிட்டில் முக்கி எடுத்தவள். 1991இல் பட்டறை மூடியதும் திருமுல்லைவாயலில் சுலைமான் பாயின் ஷெட்டில் பிளாஸ்டிக் குப்பை பிரிக்கச் சேர்ந்தாள்.

பாய் பழைய பாய்லர் ஒன்றில் குப்பையைக் காற்றுப் புகாமல் காய்ச்சி எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். ஆவி குழாய் வழியே வந்து குளிர்ந்து கறுப்பாகச் சொட்டும். சாலைக்குத் தார் காய்ச்சுகிறவர்கள் அடுப்பெரிக்க வாங்கிப்போவார்கள். ஆனால் எந்தக் குழாயும் இரண்டு மாதம் தாங்கவில்லை. மூன்றாவது குழாயிலும் ஓட்டை விழுந்த அன்று பாய் வெல்டரைத் திட்டித் தீர்த்தார்.

ஞானசௌந்தரி முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி ஓட்டையருகே போய் நின்றாள்.

"வெல்டர் மேல தப்பு இல்ல பாய். இது ஆசிட் நெடி. பட்டறைல தெனம் மோந்துகினு இருந்தேன்."

"குப்பைல ஏது ஆசிட்? நாம ஊத்தலியே."

"எதுலருந்து வருதுன்னு தனித்தனியா சூடு காட்டிப் பாக்கலாம்."

மறுநாள் ஒரு தகர டப்பாவில் ஒவ்வொன்றாகக் காய்ச்சினாள். பால் கவரிலும் பக்கெட்டுத் துண்டிலும் மெழுகு வாசனைதான். ஒயரின் மேல்தோலைப் போட்டதும் நெடி தொண்டையைப் பிடித்தது. பாய் இருமிக்கொண்டே வெளியே போனார். ஷெட்டில் கிடந்த மூட்டைகளில் பாதி ஒயர் தோல்தான்.

அவள் இன்னொன்றையும் கவனித்திருந்தாள்: எண்ணெய்ப் புகை கிளம்புவதற்கு முன்பே நெடி வந்து அடங்கிவிட்டது.

"மொதல்ல அடுப்ப கம்மியா எரிய வுடுங்க. அப்போ வர்ற புகைய சுண்ணாம்புத் தண்ணில வுட்டுடலாம். பட்டறைல கழிவு ஆசிட்ட சுண்ணாம்புக் குழிலதான் ஊத்துவோம், வீரியம் போயிடும்."

பாய் சற்று யோசித்தார். "இன்னா சைஸு தொட்டி கட்டணும், சொல்லு."

ஒன்பது வருஷத்தில் பட்டறையில் யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. கையை விரித்து அளவு காட்டினாள்.

அடுத்த குழாய் ஏழு மாதம் உழைத்தது. ஆனாலும் ஒயர் தோல் சேர்ந்த எண்ணெயில் லேசான நெடி மிஞ்சியது. தார்க்காரர் இரண்டு டிரம்மைத் திருப்பி அனுப்பினார். அதன்பின் பாய் ஒயர் தோல் வாங்குவதையே விட்டுவிட்டார்.

ஷெட்டைச் சுற்றி வீடுகள் நெருங்கவே, 1996இல் அதை மூடினார். ஞானசௌந்தரி ஒயர் தோலையும் அதே வகைப் பிளாஸ்டிக்கான பழைய தண்ணீர்க் குழாயையும் தானே வாங்கிப் பிரித்து, அருகிலுள்ள பாடியில் அதை உருக்கிச் செருப்பின் அடிப்பாகம் வார்ப்பவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினாள். வேறு பிளாஸ்டிக் கலந்திருக்காது என்ற நம்பிக்கையில், அவள் கட்டிய மூட்டைகளை அவர்கள் அவிழ்த்துப் பார்த்ததில்லை.