மஞ்சள் கறையில் சோப்பு போட்டது யார்

வீடு வீடாகப் போய் சோபா, மெத்தை, கார்ப்பெட் சுத்தம் செய்வது என் பிழைப்பு. மெஷினை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு ஆனையூரிலிருந்து கிளம்பினால் மதுரையின் எந்த மூலைக்கும் போவேன். வேலையைத் தொடங்குமுன் எந்த வீட்டிலும் ஒரு கேள்வி கேட்பேன். "இதுல ஏற்கெனவே ஏதாச்சும் போட்டீங்களா?" எந்த மருந்தை எடுப்பது என்று தெரிய வேண்டும், அது பாதிக் காரணம். போட்டோம் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், கறை போகாவிட்டாலும் என் தலை உருளாது. அது மீதிக் காரணம். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் கேட்கிற கேள்விதான்.

ஒத்தக்கடையில் ஒரு புது வீட்டிலிருந்து ஒரு அம்மா போன் செய்து வரச் சொன்னார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளோடு இருக்கிறார். மகள் கல்லூரியில் பாடம் எடுப்பவர், சாயங்காலம்தான் வருவார். ஹாலில் டீப்பாய்க்குக் கீழே கிடந்த கார்ப்பெட் பாலாடை நிறம். சோறு குழம்பு சாப்பிடுகிற வீட்டில் இந்த நிறத்தை ஏன்தான் வாங்குகிறார்களோ என்று எனக்கு எப்போதும் எரிச்சல் வரும், அதில்தான் எனக்கு வருமானமே என்றாலும். அதன் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை இருந்தது. தொண்டை கரகரப்புக்கு மஞ்சள் தூள் போட்ட பால் குடிக்கும்போது கை தவறிவிட்டதாம்.

வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"ஒண்ணும் போடலய்யா. ஈரத்துணி வச்சு ஒத்தி எடுத்தேன், அம்புட்டுதான்."

மகள் வருவதற்குள் முடித்துவிடச் சொன்னார். காரணத்தையும் அவரே சொன்னார். கொஞ்ச நாளைக்கு முன்னால் அடுப்பை அணைக்காமல் விட்டுவிட்டாராம். அம்மாவுக்கு மறதி நோய் வந்துவிட்டதோ என்று மகளுக்குப் பயம். இன்னொரு தடவை இப்படி ஏதாவது ஆனால், பகலில் கூடவே இருக்க ஆள் போட்டுவிடப் போவதாகச் சொல்லியிருக்கிறார். "பால் யாரு கையிலயும்தான் கொட்டும். இப்ப நான் கொட்டுனா அதுக்கு வேற பேரு" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்துக் கடைகளின் போன் நம்பர்களைக் கடகடவென்று ஒப்பித்தார். சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கேயும் திக்கவில்லை. எனக்கு டீ போட உள்ளே போனார்.

மஞ்சள் கறையில் சோப்பு, சோடா என்று எந்தக் காரமும் படக் கூடாது. எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் காலையில் ஒரு புரோட்டாக் கடையின் ஃபேமிலி ரூமில் சால்னா எண்ணெய் ஊறிய சோபாக்களைக் கழுவிவிட்டு வந்திருந்தேன். எண்ணெய்க்கான சோப்புக் காரத் தண்ணீர் ஒரு பாட்டிலில், மஞ்சளுக்கான வினிகர் தண்ணீர் இன்னொரு பாட்டிலில். இரண்டும் ஒரே மாதிரி பாட்டில்கள். லேபிள் ஒட்டச் சொல்லிச் சொல்லி என் மனைவி ஓய்ந்துவிட்டாள். எனக்கா தெரியாது என்று எகிறுகிற ஆள் நான். அன்றைக்குப் பார்த்து புரோட்டாக் கடைக்காரர் போனில் கூப்பிட்டு, சோபா இன்னும் காயவில்லை என்று சத்தம் போட்டார். நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுக்கொண்டே, கைக்குக் கிடைத்த பாட்டிலை எடுத்து அடித்துத் தேய்த்தேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால், ஆரத்தித் தட்டைக் கவிழ்த்த மாதிரி கார்ப்பெட் சிவந்து கிடக்கிறது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு மகள் வந்து நின்றார். சீக்கிரமே கிளம்பி வந்துவிட்டார் போலிருக்கிறது. இது என்ன என்று கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"யாரோ சோப்பு போட்டுத் தேச்சிருக்காங்க மேடம். மஞ்சள்ல சோப்பு பட்டா இப்படித்தான் செவந்துரும்."

டீ கிளாஸோடு அந்த அம்மா வந்தார். சோப்பு போட்டீர்களா என்று மகள் கேட்டார். திட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். ஒன்றும் போடவில்லை என்று அவர் சொன்னதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். நான் பிரஷ்ஷைக் கழுவுவது போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இல்லையே, ஈரத்துணிதான் வச்சேன்" என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். தன் கையை விரித்துப் பார்த்தார். பிறகு சொன்னார், "போட்டுருப்பேன் போல."

அவர் என்னைக் காப்பாற்றுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. வினிகர் தண்ணீரை அடித்துச் சிவப்பை மறுபடி மஞ்சளாக்கினேன். கார்ப்பெட்டைச் சுருட்டி மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய்க் கறை மேலே தெரியும்படி விரித்தேன். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது, நாலைந்து நாளில் வெளுத்துவிடும், வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கூலியையும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்தடுத்த நாட்களில் வேறு வீடுகளுக்கு வேலைக்குப் போனேன். கையை விரித்துப் பார்த்தாரே, அதுதான் கண்ணுக்குள்ளேயே நின்றது. தெரிந்தே பழியை ஏற்றுக்கொள்கிறவர் எதற்குக் கையைப் பார்க்க வேண்டும்? மனைவியிடம் சொன்னேன். ஏதாவது சமாதானம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். போய்ச் சொல்லிவிட்டு வா என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கதவைத் திறந்தது முன்பின் தெரியாத ஒரு பெண். பகலில் கூட இருப்பதற்கு வைத்த ஆள், ஞாயிற்றுக்கிழமையும் வருகிறாராம். எனக்கு அங்கேயே திரும்பிவிடலாம் போலிருந்தது. மாடியில் கார்ப்பெட் வெளுத்து, கறை இருந்த இடமே தெரியாமல் கிடந்தது. மகளுக்கு அவ்வளவு சந்தோஷம். கீழே கொண்டுவந்து விரித்துவிட்டு, அம்மாவும் மகளும் இருக்கும்போதே சொன்னேன். சோப்பு போட்டது நான்தான், பாட்டில் மாறிவிட்டது, பயத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்றேன். இரண்டு பாட்டில்களையும் எடுத்து வைத்து, கொஞ்சம் மஞ்சள் தூள் கேட்டு வாங்கி, ஒரு துணியில் தடவி அடித்தும் காட்டினேன். துணி சிவந்தது.

மகள் துணியைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை வாசல் பக்கம் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அம்மா மனசு நோகக் கூடாதுன்னு இம்புட்டு தூரம் வந்து சொல்றீங்கள்ல. ரொம்ப நன்றிண்ணே." சத்தியமாக நான்தான் என்றேன். தலையை ஆட்டினார். நம்பவில்லை.

நான் மறுபடி உள்ளே போய் அந்த அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நீங்கள் ஒன்றும் போடவில்லை என்று என்னிடம் தெளிவாகச் சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அதையாவது அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று தவித்தேன். அவர் மறுபடி தன் கையை விரித்துப் பார்த்தார். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதே என்கிற மாதிரி தோளைத் தட்டினார்.

"நீயும் போட்டுருப்பய்யா. நானும் போட்டுருப்பேன்."