நம்ம வண்டி

தொண்ணூறுகளின் கடைசியில், புனேவுக்கு வெளியே ஒரு கிளைப்பாதையில் என் அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். எங்கள் வீடு புனே நகரத்துப் போபோடியில். காலையில் போய் மாலையில் திரும்பும் ஒரே வண்டி அங்கே. அதில் கூட்டம் பிதுங்கும். டிக்கெட்தான் விற்காது. கேட்டால் ஊர்க்காரர்கள், "ஆப்லீச் காடி, சாஹேப்" என்று சிரிப்பார்கள். நம்ம வண்டிதானே என்று அர்த்தம். பிறகு ஒரு பை வெங்காயத்தைத் தந்துவிட்டு ஏறிக்கொள்வார்கள். அந்த வெங்காயத்தில்தான் எங்கள் வீட்டுச் சாம்பார் கொதித்தது என்பதால் நான் யாரையும் குறை சொல்லப்போவதில்லை.

பயணிகளே இல்லை என்று பாதையை மூட உத்தரவு வந்தது. கடைசி நாளன்று அப்பா என்னையும் கூட்டிப்போனார். ஊரே திரண்டு எஞ்சினுக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தது. அதைவிட அதிசயம், டிக்கெட் ஜன்னலில் நீண்ட வரிசை. ஞாபகத்துக்கு ஆளுக்கு ஒன்று வேண்டுமாம். கட்டு தீரும்வரை அப்பா விற்றார்.

பச்சைக்கொடி அசைந்தது. ஒருவர்கூட ஏறாமல் வண்டி காலியாகப் போயிற்று.

"ஏன் யாரும் ஏறலை?" என்று அப்பா பஞ்சாயத்துத் தலைவரைக் கேட்டார்.

அவர் டிக்கெட்டைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டே, "திரும்பி வர வண்டி ஏது, சாஹேப்?" என்றார்.

ஸ்டேஷனைப் பூட்டிவிட்டு நாங்களும் வீடு திரும்ப வேண்டுமே. வெளியே தலைவருடைய டெம்போ நின்றது. அப்பா ஏறி உட்கார்ந்து, "ஆப்லீச் காடி" என்று சிரித்தார்.

தலைவர் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். "டீசல் போடணுமே, சாஹேப்."