தொட்டிக்குள் இருப்பவர்களுக்கு லீவு கிடையாது

1. நான்கு கூட்டங்கள்

பயோகாஸ் பிளான்ட்டில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "டேங்க் வெடிக்குமா சார்?" என்பதுதான். வெடிப்பதற்கு நான் அதிகம் பயப்படுவதில்லை. வெடித்தால் சத்தமாவது கேட்கும். சத்தம் போடாத சமாச்சாரங்களுக்குத்தான் பயம். உண்மையைச் சொன்னால், ஏணிக்கும் பயம், பாம்புக்கும் பயம், மேனேஜரின் போனுக்கும் பயம். மைக்ரோபயாலஜி படித்தவன் என்பதால் என்னைக் கும்மிடிப்பூண்டியில் பிளான்ட் இன்சார்ஜ் ஆக்கினார்கள். தைரியத்துக்கு இன்டர்வியூவில் கேள்வி இல்லை.

எங்கள் பிளான்ட் சுற்றியிருக்கும் கம்பெனிகளின் கேண்டீன் கழிவில் ஓடுகிறது. லாரிகள் கொண்டுவந்து ஃபீட் பிட்டில் கொட்டும். அது ஆள் உயரத்துக்கு மேல் ஆழமுள்ள சிமென்ட் தொட்டி. அங்கிருந்து பம்ப் இழுத்து, காற்றுப் புகாத பெரிய டேங்கான டைஜஸ்டருக்குத் தள்ளும். டைஜஸ்டருக்குள் நுண்ணுயிர்கள் கூட்டம் கூட்டமாக வேலையைப் பிரித்துக்கொண்டு வாழ்கின்றன. ஒரு கூட்டம் சோற்றையும் எண்ணெயையும் உடைத்துப் போடும். அடுத்தது அதை ஆசிட்டாக்கும். மூன்றாவது கூட்டம் அதைத் தின்று மீத்தேன் விடும். மெதுவாகத்தான் பெருகும், சூடு கொஞ்சம் மாறினாலும் முகத்தைத் தூக்கிக்கொள்ளும். ஆனால் நம் சம்பளமே அவர்கள் கையில்.

நான்காவதாக ஒரு கூட்டம் உண்டு. முட்டை, மீன் கழிவிலிருக்கும் கந்தகத்தை எடுத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு விடும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை போல நாறும். நிறைய இருந்தால் நாறாது. மூக்கு முதலில் செத்துப்போகும், மீதி ஆள் பிறகு.

2. பூஜை

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலை வரை லாரிகள் வந்தன. எல்லாக் கேண்டீனும் ஃப்ரிட்ஜைக் காலி செய்திருந்தன. பாதிக்கு மேல் மீனும் முட்டையும். அதை அன்றே டைஜஸ்டருக்கு ஏற்றியிருக்க வேண்டும். ஆனால் ஆபரேட்டர் ஏழுமலை பம்பைக் கழுவித் துடைத்துவிட்டிருந்தார். பூஜை போடும் மிஷினை விஜயதசமி முடியும் வரை தொடக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அதையடுத்து ஞாயிறும் வந்தது.

ஏழுமலை இங்கே வருவதற்கு முன் அத்திப்பட்டில் அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்களில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். எதற்கும் அசராதவர். மிஷினுக்கு அதன் தகுதிக்கேற்பப் பொட்டு வைப்பார். ஸ்பேனருக்குச் சின்னது, பம்புக்கு நடுத்தரம், விஷவாயு இருந்தால் அலறும், இடுப்பில் மாட்டும் காஸ் டிடெக்டருக்குப் பெரிது.

"உசுரைக் காப்பாத்துறது சார் இது. இதுக்குத்தான் மொத மரியாதை."

மிஷின்களுக்கு லீவு விட்டோம். ஃபீட் பிட்டுக்குள் இருந்தவர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. பிட்டை மூடிய தார்ப்பாய்க்குக் கீழே, கிளறாமல், காற்றில்லாமல், வெயில் சூட்டில் அந்த நான்காவது கூட்டம் குடியேறிப் பெருகிக்கொண்டிருந்தது.

3. ஜீரோ

திங்கட்கிழமை பம்பைப் போட்டதும் பிட் முழங்கால் அளவுக்கு வடிந்தது. பிறகு பம்ப் முனகி நின்றது. கேட்டில் கட்டியிருந்த வாழைமரத்தை யாரோ வெட்டி உள்ளே போட்டிருக்கிறார்கள். நார் போய் உறிஞ்சு குழாயை அடைத்துவிட்டது.

மேனேஜரின் போன் வந்தது.

"இன்னாய்யா, லாரிங்கல்லாம் ரோட்டுல நிக்குதாம்? நாத்தம் தாங்கலன்னு பக்கத்து கம்பெனிக்காரன் என்னைப் போட்டு வாங்குறான். ஒரு ஆளை எறக்கி நாரை எடுத்து உடு."

"ப்ளோயர் வெச்சு காத்து அடிக்கணும் சார். அது ரிப்பேருக்குப் போயிருக்கு."

"டிடெக்டர் இன்னா காட்டுது?"

ஏழுமலை அதைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்த்திருந்தார். "ஜீரோ சார்" என்றேன்.

"அப்புறம் இன்னா பேஜாரு?" போன் வைக்கப்பட்டது.

இத்தனை வருட சர்வீசில் எந்தக் கருவியும் எனக்கு முழு நல்ல செய்தி சொன்னதில்லை. கயிறு கட்டாமல் யாரும் இறங்கக்கூடாது என்றேன். பம்பைத் தூக்கும் இரும்பு உத்தரத்தில் கயிற்றைப் போட்டு, ஒரு முனையைத் தூணில் முடிந்து, மறுமுனையை ஏழுமலையின் மார்பைச் சுற்றிக் கட்டினோம்.

"இன்னா சார், மாட்டைக் கட்டி எறக்குற மாரி எறக்குற?"

லாரி டிரைவர் பாபு ஆரம்பாக்கத்துக்காரர். கயிற்றைப் பிடித்தபடி, "மாடுன்னா சந்தையில வெலை போவும் நைனா. உன்னை எவன் வாங்குவான்?" என்றார்.

"இருங்க, ஒரு தடவை செக் பண்ணிட்டு வர்றேன்" என்று டிடெக்டரை வாங்கிக்கொண்டு காஸ் பைப்பின் வடிகால் வால்வுக்குப் போனேன். அங்கே கொஞ்சம் காஸ் எப்போதும் கசியும், கொண்டுபோனால் டிடெக்டர் அலறும். அன்று காட்டியது ஜீரோ. திருப்பிப் பார்த்தேன். காற்று உள்ளே போகவேண்டிய சல்லடையின் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம், சுவருக்குப் பூசினாற்போல் காய்ந்திருந்தது.

நான் கடைசியாக ஓடியது காலேஜில். அன்று ஓடினேன். திரும்பி வந்தபோது ஏழுமலை காத்திராமல் ஏணியில் இறங்கியிருந்தார், தலை பிட்டின் விளிம்புக்குக் கீழே தெரிந்தது. கையிலிருந்த மூங்கிலால் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"ஏழுமலை, மேல வாங்க. இப்பவே."

"தோ சார், ஆச்சு. நாத்தம்கூட சுத்தமா அடங்கிப்போச்சு."

அந்த வாக்கியத்தை அதுவரை பாடப்புத்தகத்தில்தான் படித்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே ஏணியைப் பிடித்திருந்த கை திறந்துகொண்டது. சுவிட்சை அணைத்தாற்போல ஆள் கீழே சரிந்தார். கயிறு விறைத்தது.

பாபு கயிற்றை விட்டுவிட்டு ஏணிக்குப் பாய்ந்தார். அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன்.

"உடு சார், ஆளு பூடுவாரு."

"நீங்க எறங்கினா ரெண்டு பேரும் போவீங்க. கயித்தை இழுங்க."

பூஞ்சை உடம்புக்காரன் நான். அந்தப் பிடி எங்கிருந்து வந்ததென்று தெரியாது. பயத்துக்கு நல்ல பிடி உண்டு போலும். காத்திருந்த மற்ற டிரைவர்களும் ஓடி வந்தார்கள். பிட்டின் வாய்க்குக் குனியாமல், காற்று வரும் பக்கமாக நின்று எல்லோரும் இழுத்தோம். தலை தொங்கிய ஏழுமலை சேறு சொட்ட மேலே வந்தார். தரையில் கிடத்தியபோது மார்பு அசையவில்லை. பாபு அவர் கன்னத்தில் அறைந்துகொண்டே, "நைனா, நைனா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். சாமி பெயராக இருக்கலாம், கெட்ட வார்த்தையாகவும் இருக்கலாம். பிறகு ஒரு மூச்சு, கிழிபடும் துணி மாதிரி, உள்ளே போயிற்று.

4. மிச்சம்

ஆஸ்பத்திரியிலிருந்து ஏழுமலை நல்லபடியாகத் திரும்பினார். இப்போது பிட்டின் வாய்க்குக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறோம். அடைத்தால் குழாயைத்தான் வெளியே தூக்குவோம், ஆளை இறக்குவதில்லை. இளைய தலைமுறைக்கு நான் சொல்வது இதுதான்: ஜீரோ காட்டும் கருவியை, அது அலறியே தீரவேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். தேங்கிய கழிவு சும்மா இருப்பதாக நினைக்காதீர்கள். விழுந்தவன் பின்னால் குதிக்காதீர்கள்.

ஆனால் ஏழுமலைக்குக் கயிறு கட்டியது வரைதான் ஞாபகம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. டீக்கடையில் என் எதிரிலேயே சொல்கிறார்:

"சார் பயந்துகினு என்னை எறக்கவே இல்லப்பா. கயித்துல கட்டி இவங்களா இழுத்து வெளையாடுனாங்க. தோளு இன்னும் நோவுது."

எல்லோரும் சிரிக்கிறார்கள். பாபு மட்டும் கிளாசைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வாரமும் குழாய் அடைத்தது. "சாவியைக் குடு சார், நானே எறங்கி எடுத்துர்றேன்" என்று வந்து நின்றார். தமாஷுக்குச் சொல்லவில்லை. அந்தப் பிட்டுக்குப் பயப்பட அவரிடம் ஒரு காரணமும் இல்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் பயப்பட வேண்டியிருக்கிறது. சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முடியாது என்றேன்.