வெறும் புல்லில் ஏற்றிய திரி

பேய், பிசாசு என்று யாராவது கதையெடுத்தால் எழுந்து போகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், டென்மார்க்கில், எஸ்பியர்க்கில் நடந்ததை மட்டும் என்னால் பொய்யென்று சொல்ல முடியவில்லை.

எண்பதுகளின் நடுவில் அங்கே மீன் தொழிற்சாலையில் எனக்கு வேலை. எங்கள் மூத்தவள் நான்கு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள், அவளை மன்னாரிலேயே புதைத்துவிட்டு, சண்டைக்குப் பயந்து நானும் மனைவியும் ஓடிவந்திருந்தோம். நவம்பரில் ஆத்துமாக்களின் திருநாள் வந்தது. பிள்ளையின் கல்லறையில் ஒரு திரி கொளுத்த ஆளில்லையே என்று மனைவி அழுதபடியே இருந்தாள். பொறுக்க முடியாமல் மத்தியானம் பக்கத்துக் கிராமத்துச் சேமக்காலைக்குப் போனேன். அந்நியர் கல்லறையில் கொளுத்தினால் கோபிப்பார்களோ என்று, கல்லெதுவும் இல்லாத ஒரு புல்தரையாகப் பார்த்து மெழுகுதிரியை ஏற்றினேன்.

நிமிர்ந்தால் ஒரு கிழவி. எண்பதுக்கு மேல் இருக்கும், ஒரு காலை இழுத்து இழுத்து வந்தாள்.

"அமெரிக்காவிலிருந்தோ வாறியள்?" என்று டெனிஷில் கேட்டாள். என் கறுத்த முகத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

"இல்லை, சிலோன்."

"எங்கட ஆக்கள் இன்னும் வரேல்லை" என்றாள். திரி அணைகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தேன், ஆளில்லை. அங்கே மறைந்துகொள்ள ஒரு மரம்கூடக் கிடையாது.

அடுத்த கோடையில், அதற்குள் எனக்குப் பழக்கமாகியிருந்த, அங்கே குழிவெட்டும் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். அமெரிக்காவிலிருந்து ஒருவர் தன் பரம்பரையைத் தேடி வந்திருந்தார், பெரியவருக்கு ஆங்கிலம் வராது, நான்தான் மொழிபெயர்ப்பு. வந்தவருடைய பூட்டன் எண்பது வருடத்துக்கு முன் குடும்பத்தோடு கப்பலேறியபோது, கால் ஊனமான மகளை மட்டும் உறவினரிடம் விட்டுப் போனாராம். அமெரிக்காவில் பெருகிய வம்சம் முழுவதையும் தேடிப் பிடித்துவிட்டார், இவளுடைய கல்லறை ஒன்றுதான் பாக்கி.

பெரியவர் நேரே என் புல்தரையில் போய் நின்றார். பார்க்க ஆளில்லாத கல்லறை என்றால், சில காலத்தில் கல்லைப் பிடுங்கிவிட்டுப் புல் போடுவது இந்த நாட்டு வழக்கமாம். கிழவியைக் கண்டதைச் சொன்னேன்.

அமெரிக்கர் இல்லையென்று தலையாட்டினார். "அவளாக இருக்காது. கப்பல் போன குளிர்காலமே செத்துப்போனாள். அப்போது ஆறு வயது."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பயப்படவேயில்லை.

"இஞ்சருங்கோ, அப்ப எங்கட பிள்ளையும் அங்க வளருறாளோ?"

"விசர்க் கதை கதையாதையும்" என்று அதட்டினேன்.

சண்டை முடிந்து எல்லோரும் ஊருக்குப் போய் வருகிறார்கள். நான் இன்னும் போகவில்லை. மூத்தவளுக்கு இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். மன்னார்ச் சேமக்காலையில் அந்த வயதில் ஒருத்தி எனக்கெதிரே வந்து நின்றால், எனக்கு அவளை அடையாளம் தெரியாதே.