குமிழி இல்லாத குப்பி

என் பையில் நடுவிரல் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கண்ணாடிக் குப்பி இருக்கிறது. அதில் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு குமிழி தெரிந்தாலும், தேடுகிற பொருள் அந்தக் காற்றுக்குள் போய்விடும்; அந்தத் தண்ணீர் சோதனைக்கு ஆகாது. காஞ்சிபுரத்தில் குடிநீரைச் சோதிக்கும் லேபில் இருந்த அம்மாவிடம் வேலை பார்த்தபோது வந்த பழக்கம்; லேப் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். எட்டாவதோடு நின்ற நான், அவருடைய ஐஸ் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவேன். பஸ் ஸ்டாண்டில் படுக்கை. எந்த ஊரிலும் ஆறு மாதம் தங்காதவன் என்று அவருக்குத் தெரியும். "உங்க காலுக்கு ஒரு பூட்டு வாங்கணும்ணா" என்பார்.

அந்தக் கோடையில் ஏரித் தண்ணீர் பச்சை வாடையோடு வந்தது. ஊர்க் குடிநீர்த் தொட்டிக்கு மேற்பார்வையாளர் பிளீச்சிங் பவுடரைக் கூட்டிப் போடச் சொன்னார். "கிருமி செத்துடும் சார். ஆனா தொட்டியில பாசியும் சேறும் அப்படியே இருக்குதே. அதுகூட குளோரின் சேர்ந்தா வேற விஷம் உண்டாவுது. வருஷக்கணக்கா குடிச்சா உடம்புக்கு ஆவாது" என்றார் லேப் அம்மா. "வயித்துப்போக்கு வந்தா நீ பதில் சொல்வியாமா?" "பவுடர் வேணாம்னு நான் சொல்லலியே சார். முதல்ல தொட்டியக் கழுவுங்கன்றேன்." "ரிப்போர்ட்டக் காட்டு, கழுவுறேன்."

ரிப்போர்ட்டுக்கு ஒரே நாளில் நான்கு இடத்துத் தண்ணீர் வேண்டும். கடைசி இடம் சின்ன காஞ்சிபுரத்தில், குழாய் முடிகிற தெரு. லேப் அம்மாவின் மகள் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான். அன்று மாலை நெல்லூர் லாரியில் எனக்குக் கிளீனர் வேலை காத்திருந்தது. அவசரமாக நிரப்பிக் கவிழ்த்தேன். மிளகளவு குமிழி. பார்த்தும் பெட்டியில் வைத்தேன். பெட்டியை லேபில் இறக்கிவிட்டு லாரி ஏறினேன். மிஞ்சிய ஒரு காலிக் குப்பி சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது.

நெல்லூரிலிருந்து போன் செய்தேன். "குமிழி இருந்த அந்த ஒண்ணு செல்லாதுன்னு டெஸ்ட் பண்றவங்க சொல்லிட்டாங்கண்ணா, ரிப்போர்ட் வரல. மறுபடி எடுக்க சார் கையெழுத்துப் போட மாட்டேன்றாரு." திட்டவில்லை. "எப்ப வர்றீங்க?" என்று மட்டும் கேட்டார். வருகிறேன் என்றேன். போகவில்லை.

போன மாதம்தான் போனேன். லேபில் வேறு ஆள் இருந்தார். லேப் அம்மா வேலையை விட்டு, மகளோடு எங்கேயோ போய்விட்டாராம். அதே தெருக் குழாயை நூல்போலத் திறந்து அந்தக் காலிக் குப்பியை நிரப்பினேன். கவிழ்த்துத் தட்டினேன். குமிழி இல்லை. பின்னால் குடத்தோடு நின்ற பெண் சிரித்தாள். "இத்தினூண்டு பாட்டிலுக்கா இவ்ளோ நேரம்? நவுருண்ணா, தண்ணி நின்னுடப் போவுது." நகர்ந்தேன். அவள் குடத்தில் விழுந்த தண்ணீரில் பவுடர் வாடை தூக்கலாக இருந்தது.

குப்பி இன்னும் திறக்கப்படவில்லை. நாளாகிவிட்டதால் இந்தத் தண்ணீரும் இனிச் சோதனைக்கு ஆகாது. ஆனாலும் எந்த ஊரில் விழித்தாலும் முதலில் அதை எடுத்துக் கவிழ்த்துப் பார்க்கிறேன்.