தட்டிப் பார்த்த பல்

மகளுக்குக் கோரைப்பல் முளைக்க வேண்டிய இடத்தில் இன்னும் பால்பல்லே நிற்கிறது. பல் டாக்டர் தன் சின்னக் கண்ணாடியின் காம்பால் அதைத் தட்டினார். ‘டிங்’.

அந்தச் சத்தத்தில் என் அப்பா நினைவுக்கு வந்துவிட்டார். விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் வெந்து வந்த கப்புகளைத் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. விரிசல் இருந்தால் சத்தம் மழுங்கிவிடும். வீட்டிலும் கை சும்மா இராது. தேங்காய், பானை, புதுத் தட்டு எல்லாவற்றையும் தட்டுவார்.

சின்ன வயதில் எனக்கும் இதே பால்பல் விழாமல் நின்றது. புதுப்பல் மேலே எலும்புக்குள் படுத்திருக்கிறது, ஈறைக் கீறி இறக்க வேண்டும் என்றார் அன்றைய டாக்டர். வீட்டுக்கு வந்ததும் அப்பா என் வாயைத் திறக்கச் சொல்லி, டீ ஸ்பூனால் தட்டிக் காதைச் சாய்த்தார்.

“சத்தம் சுத்தமா இருக்குது பாப்பா. கண்ணுக்கே தெரியாத பல்லுக்கு எதுக்குக் கீறணும்? அந்தாளு பேச்ச நம்பாத.”

நம்பவில்லை. போன வருடம் அந்தப் பால்பல் தானாக விழுந்தது. உள்ளே கிடந்த பல் அதற்குள் பக்கத்துப் பல்லின் வேரையும் அரித்திருந்தது.

இந்த டாக்டரும் கீற வேண்டும் என்கிறார்; உள்ளே இருக்கும் பல்லில் சின்னச் சங்கிலி ஒட்டி, கம்பியால் மெல்ல இழுப்பாராம். எக்ஸ்ரேயைக் காட்டினார். இது என் மகளுடையதுதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பிறகு அவளை வாய் திறக்கச் சொல்லி, நானே நகத்தால் தட்டினேன்.

சத்தம் சுத்தமாக இருந்தது.

“கீறிடுங்க டாக்டர்” என்றேன்.