சிகரெட்டக்கா கேட்கும் கேள்விகள்

எதிர்முனையில் மணி அடிக்கும்போதே சிகரெட்டக்கா ரிசீவரைக் காதிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொள்வாள். வசவு விழுந்தால் பாதி காற்றோடு போகட்டும் என்றுதான். "வணக்கங்க, புகை ஆராய்ச்சியிலருந்து பேசறேன்" என்று முடிப்பதற்குள் பாதிப் பேர் வைத்துவிடுவார்கள். மீதிப் பேர் குளித்துக்கொண்டிருப்பதாக வீட்டில் யாராவது சொல்வார்கள். "சிகரெட் குடிக்கிறவன் மாதிரி சுத்தக்காரன் உலகத்துலயே கிடையாது. எப்பக் கூப்பிட்டாலும் குளியல்தான்" என்று அலுத்துக்கொண்டே அடுத்த எண்ணை அழுத்துவாள்.

அவள் ஆயுசில் சிகரெட்டைத் தொட்டதில்லை. ஆராய்ச்சியில் சேர்ந்த ஒரு புண்ணியவான் இவளுடைய எண்ணைத் தன் போனில் 'சிகரெட்டக்கா' என்று சேமித்துவைக்க, அதை அவன் பெண்டாட்டி பார்த்துவிட, வீடு ரெண்டுபட்டது. கதை ஆபீஸ் வரை வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து பெருக்க வருகிறவள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறாள். "கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போறாங்க. என் மாமியார் வச்ச பேருக்கு இது எவ்வளவோ தேவலாம்."

புகையை விட வந்தவர்களை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பாதிக்கு வாராவாரம் போனில் தைரியம் சொல்ல ஆள் உண்டு. மறுபாதிக்கு ஒரு துண்டுப் பிரசுரம், அவ்வளவுதான். யார் எந்தப் பக்கம் என்று இவளுக்குச் சொல்ல மாட்டார்கள். இவள் வேலை கேள்வி கேட்பது, சொன்னதைக் குறித்துக்கொள்வது. புத்தி சொல்லக் கூடாது, பாராட்டக் கூடாது, "அடப்பாவமே" என்று உச்சுக்கொட்டக்கூடக் கூடாது. பேச்சு முழுக்கப் பதிவாகிறது. ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லி அவர் விட்டுட்டார்னா, எதனால விட்டார்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? மீறினா வேலையில வச்சுக்க முடியாதுக்கா."

நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவளுக்கல்லவா தெரியும் அதன் கனம். "சத்தியமா விட்டுட்டேங்க" என்கிறவன் அந்தச் சத்தியத்துக்கு நடுவிலேயே ஒரு இழுப்பு இழுப்பது காதில் விழும். விட்டுவிட்டார் என்று குறித்துக்கொள்வாள். இருமி இருமியே ஒருவர் பதில் சொல்லுவார். இருமல் நிற்கும்வரை காத்திருந்து அடுத்த கேள்விக்குப் போவாள்.

வீட்டுக்குப் போனால் பின்பக்க பால்கனியில் புருஷன் நின்று ஊதிக்கொண்டிருப்பார். "ஊரையே கேக்கறே, என்னை ஒரு வார்த்தை கேக்கறதில்லையே" என்று அவருக்குக் கிண்டல் வேறு. ஒரு காலத்தில் கேட்டவள்தான். அழுதாள், சண்டை போட்டாள், பாக்கெட் பாக்கெட்டாக வாளித் தண்ணீரில் முக்கினாள். இப்போது பால்கனிக் கதவைச் சாத்திவிட்டுத் துணி மடிக்கிறாள். வாய் ஓய்ந்துவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் ஓர் ஆளிடம் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை. லிஃப்ட் பழுது பார்க்கிறவர். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். "இன்னும் தொடலை தாயே!" என்று எந்தக் கட்டடத்தின் இருட்டுக்குள்ளிருந்தோ கத்துவார். "என் வீட்டுக்காரி பாக்கெட்டு நிறையக் கிராம்பைப் போட்டு அனுப்பறா. மென்னு மென்னு நாக்கே செத்துப்போச்சு!" நல்லது என்றுகூடச் சொல்ல முடியாமல் "குறிச்சுக்கிட்டேங்க" என்பாள். அன்றைக்கு முழுக்க மற்றவர்களின் வசவு அவ்வளவாக உறைக்காது.

அவருக்குக் கடைசி அழைப்பு இன்று. மணி அடித்து ஓயப்போகிற நேரத்தில் எடுத்தார். குரலே எழும்பவில்லை.

"ஆஸ்பத்திரியில இருக்கேம்மா. வீட்டுக்காரிக்கு நெஞ்சுவலி. உள்ள கொண்டுபோயிட்டாங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க. வாசல்ல நிக்கறேன். பக்கத்துல இருந்தவர் பாவம் பார்த்து ஒண்ணு நீட்டினார். வாங்கிட்டேன்."

"பத்த வச்சுட்டீங்களா?"

"இன்னும் இல்ல. தீப்பெட்டியும் குடுத்துட்டுப் போயிருக்கார்." மூச்சு நடுங்கியது. "வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா கீழ போட்டுடறேன்."

வேணாங்க. வாய் வரை வந்ததை விழுங்கினாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். சிகரெட்டக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபம், யார்மேல் என்றே தெரியாத கோபம். இந்த ஒரு மனுஷனாவது தப்பிக்கட்டுமே!

விட்டவர்கள் எல்லாரும் ஒன்றுபோலச் சொல்வது அவளுக்குத் தெரியும்: ஆசை கிளம்புகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் கண்டம், அதைத் தாண்டிவிட்டால் தானாக இறங்கிவிடும்.

"கேள்வியைப் படிக்கறேங்க," என்றாள். "யோசிச்சு, நிதானமா பதில் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

புகைக்காதவர்களிடம் முதல் கேள்வியோடு முடித்துக்கொள்ளலாம். அவள் முடிக்கவில்லை. போன வாரம் ஒரு இழுப்பாவது உண்டா? இல்லை. தூக்கம் எப்படி? சாப்பாடு? வீட்டில் வேறு யாராவது புகைக்கிறார்களா?

"அவளா? எவனோ தெருவுல குடிச்சாக்கூட ஜன்னலைச் சாத்துவாம்மா..." குரல் உடைந்தது. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்து, அடுத்ததை வார்த்தை வார்த்தையாகப் படித்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் டாக்டரம்மா தலை நிமிர்ந்தார். இவ்வளவு நேரம் யாரோடு என்று கையால் கேட்டார்.

கேள்விகள் தீர்ந்துபோயின.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் அவர். மூச்சில் நடுக்கம் இன்னும் அடங்கவில்லை.

டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். சிகரெட்டக்கா கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

"லைன் சரியில்லைங்க, பதில் ஒண்ணும் சரியா கேக்கலை," என்று சொல்லிக்கொண்டே தாள்களைப் புரட்டி முதல் பக்கத்தை எடுத்தாள். "மறுபடியும் முதல்லருந்து வரேன்."